குரல் நின்றுவிட்டது, தம்பி இன்னும் திண்ணையை விட்டு எழவில்லை

வெண்ணாற்றங்கரை அக்கா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தம்பிக்கு 27 வயது. டிப்ளமோ முடித்துவிட்டு ஓசூரில் ஒரு கம்பெனியில் இரண்டு வருஷம் வேலை பார்த்தான். அங்கேதான் ஆரம்பித்தது. கூடத் தங்கியிருந்த பையன்கள் சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்கள் என்றான், அப்புறம் காதுக்குள் யாரோ பேசுகிறார்கள் என்றான், ஒரு நாள் விடியற்காலை காலில் செருப்புகூட இல்லாமல் ஊருக்கு வந்து நின்றான். முதல் ஒரு வருஷம் கயிறு, மந்திரிப்பு, திருவிடைமருதூர் கோயில், குணசீலம் கோயில் என்று அலைந்தோம். பிறகுதான் மனநல மருத்துவரிடம் போனோம். மனச்சிதைவு என்றார். மாத்திரை ஆரம்பித்து இரண்டரை வருஷம் ஆகிறது.

குரல் நின்றுவிட்டது. சந்தேகமும் இல்லை. கேட்டால் "இப்ப ஒண்ணும் கேக்கலக்கா" என்கிறான், நம்புகிறேன். ஆனால் பழைய தம்பி வரவில்லை. காலையில் ஒன்பது மணிக்கு எழுந்தால் திண்ணையில் வந்து உட்காருவான், சாப்பிடக் கூப்பிட்டால் வருவான், மறுபடி திண்ணை. குளிக்கச் சொன்னால் "சரி" என்பான், குளிக்க மாட்டான். நண்பர்கள் வந்தால் பேச்சு இல்லை. செல்லைக்கூடப் பார்ப்பதில்லை. அம்மா தட்டில் போட்டுப் பிசைந்தே கொடுத்துவிடுகிறாள். அப்பாவுக்கு இதைப் பார்த்தாலே கோபம் வந்துவிடும், "எருமை மாடாட்டம் உக்காந்திருக்கான், தின்ன மட்டும் தெரியுது" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவார். தம்பி அதற்கும் பதில் சொல்வதில்லை, பார்த்துக்கொண்டே இருப்பான்.

மேட்டூர் திறந்துவிட்டார்கள், குறுவைக்கு நாற்றங்கால் வேலை ஆரம்பித்தாயிற்று. இந்த வருஷம் அவனை வயலுக்கு இழுத்துக்கொண்டு போயே தீருவேன் என்கிறார் அப்பா. அம்மா, புள்ளைய விட்டுடுங்க என்கிறாள். டாக்டரிடம் கேட்டால் மூன்று நிமிஷத்தில் "மாத்திரையை விடாதீங்க" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார், வெளியே நூறு பேர் நிற்கிறார்கள், அவரையும் குற்றம் சொல்ல முடியவில்லை.

இது நோயா, மாத்திரையா, சோம்பேறித்தனமா? நாங்கள் தள்ளணுமா, விடணுமா? நான் கல்யாணமாகி பாபநாசத்தில் இருக்கிறேன், வாரம் ஒரு தடவைதான் போய்ப் பார்க்க முடிகிறது.

மன்னை பால்நோட்டு எழுதியது:

தங்கச்சி, நான் உன் தம்பி கட்சி. எனக்கும் இதே நோய்தான். 22 வயதில் வந்தது, இப்போது 43. அதனால் டாக்டர் சொல்கிற மாதிரி இல்லாமல் உள்ளே இருந்து சொல்கிறேன்.

குளிக்கப் போ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். உங்களுக்கு அது ஒரு வேலை. எனக்கு அப்போது அது பதினைந்து வேலை. எழுந்திருக்கணும், துண்டு எங்கே இருக்கிறது, மாற்று வேட்டி எங்கே, மோட்டார் போடணும், வாளி நிறைந்ததும் நிறுத்தணும், சட்டையை எங்கே தொங்கப்போடுவது... இதில் ஏதாவது ஒன்றில் புத்தி மாட்டிக்கொண்டால் அங்கேயே நின்றுவிடும். ஒரு தடவை சோப்பு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு கிணற்றடியில் வெகுநேரம் நின்றிருக்கிறேன். சோப்பு போட்டாயிற்றா இல்லையா என்று தெரியவில்லை. கை காய்ந்திருக்கிறதே, அப்போ போடவில்லை என்று யோசிக்கத் தோன்றவில்லை. என் அம்மா வந்து ஒன்றும் கேட்காமல் ஒரு சொம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றினாள், அப்புறம் மீதி தானாக நடந்தது. அன்றிலிருந்து வீட்டில் "குளி" என்று சொல்வதை நிறுத்திவிட்டார்கள். "துண்டை எடு" என்பார்கள். எடுத்ததும் அடுத்தது. எரிச்சலாகத்தான் இருக்கும் சொல்கிறவர்களுக்கு, வேறு வழி இல்லை. ஒரு வருஷம் போல அப்படி ஓடியது.

சோம்பேறிக்குச் சும்மா இருந்தால் சுகமாக இருக்கும், எனக்கு ஒரு சுகமும் இருந்ததில்லை. கல் மாதிரி இருக்கும். பிடித்த பாட்டைப் போட்டால்கூட, இது எனக்குப் பிடித்த பாட்டு என்று தெரியும், பிடிக்காது.

நான் எழுந்தது எப்படி என்றால், பால் சொசைட்டியால்தான். என் சித்தப்பா அங்கே இருந்தார். நோட்டில் லிட்டர் எழுத ஆள் இல்லை, ஒரு மாசம் வந்து உட்காருடா என்றார். ஆள் இருந்தது, பொய் சொல்லியிருக்கிறார், அது எனக்குப் பின்னால்தான் தெரியும். காலை ஐந்தரையிலிருந்து ஆறே கால் வரை, முக்கால் மணி நேரம், அவ்வளவுதான். வருகிறவர்கள் பாலைத் தவிர வேறு பேச மாட்டார்கள், அந்த நேரத்தில் யாருக்கும் வாயில்லை. பெயர், லிட்டர், அடுத்த ஆள். முதல் பதினைந்து நாள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், எழுதியதெல்லாம் சித்தப்பாதான். அப்புறம் நான் எழுதினேன். ஒரு நாள் 5.6 லிட்டரை 6.5 என்று எழுதிவிட்டேன், அடுத்த நாள் அதைத் திருத்தினபோது அந்த அம்மா என்னைக் கிழிகிழியென்று கிழித்தது, "கண்ணு எங்கடா வச்சிருந்த" என்று. சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு மனசு நிறைந்துபோச்சு. பத்து வருஷமாக என்னிடம் எல்லோரும் மெதுவாகத்தான் பேசினார்கள், இல்லாவிட்டால் அப்பா மாதிரி கத்தினார்கள். தப்பு செய்த ஒருவனைத் திட்டுகிற மாதிரி என்னைத் திட்டினது அந்த அம்மாதான் முதலில்.

இப்போதும் சாயங்காலத்தில் சில நாள் குரல் வரும், சின்னதாக. வந்துட்டியா, சரி உக்காரு என்று விட்டுவிடுவேன். தூக்கம் இரண்டு நாள் கெட்டால், டீக்கடை ரேடியோ என்னைப் பற்றிப் பேசுகிறதோ என்று தோன்றினால், மூன்றாவது நாள் மருத்துவமனையில் இருப்பேன். அதை ஒரு அட்டையில் எழுதி அம்மாவிடமும் கொடுத்திருக்கிறேன். இந்த ஞானம் சும்மா வரவில்லை, நன்றாகிவிட்டேன் என்று நானே மாத்திரையை நிறுத்தி, சில மாசத்தில் எல்லாம் திரும்பி வந்து, மறுபடி அடியிலிருந்து ஏறினேன்.

காவிரிப்பாக்கியம் எழுதியது:

இந்த மாத்திரை எல்லாம் நரம்பைத் தளர்த்திவிடும் அம்மா, அதனால்தான் தம்பி அப்படி உட்கார்ந்திருக்கிறார். எங்கள் சொந்தக்காரப் பையனுக்குக் குணசீலத்தில் ஒரு மண்டலம் தங்கி, தீர்த்தம் தெளித்துச் சரியானது. மாத்திரையை நிறுத்திவிட்டு நம்பிக்கையோடு ஒரு 48 நாள் போய் இருக்கச் சொல்லுங்கள்.

ஓய்வு சமூகப்பணியாளர், தஞ்சை எழுதியது:

முதலில் மேலே எழுதியவருக்கு. கோயிலுக்குப் போவதை நான் தடுக்க மாட்டேன், என் வேலை நாளில் பாதிப் பேர் கோயிலுக்கும் வந்தார்கள், எங்களிடமும் வந்தார்கள், அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஆனால் "மாத்திரையை நிறுத்திவிட்டு" என்று எழுதினீர்களே, அந்த இரண்டு வார்த்தை ஆளைக் கொல்லும். நீங்கள் சொல்கிற குணசீலத்திலேயே கோயிலை ஒட்டி மனநல மறுவாழ்வு மையம் இருக்கிறது, அங்கேயும் மருத்துவம் சேர்ந்துதான் நடக்கிறது. வெறும் நம்பிக்கையில் சங்கிலி போட்டு விட்டதன் விலை என்ன என்று 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநோயாளிகள் விடுதியில் பார்த்தோம், தீ பிடித்தபோது 28 பேர் ஓட முடியாமல் செத்தார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலி போடுவதையே குற்றமாக்கியிருக்கிறது.

சரி, வெண்ணாற்றங்கரைம்மா, உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

குரல், சந்தேகம் இதெல்லாம் நோயில் கூடுதலாக வந்து சேர்ந்தவை. உற்சாகம், முகபாவம், பேச்சு, ஆசை இவையெல்லாம் நோய் எடுத்துக்கொண்டு போனவை. மாத்திரை முதல் வகையை நன்றாக அடக்கும், இரண்டாவது வகையில் அதற்கு அவ்வளவு கை நீளம் இல்லை. மூன்றாவதாக, கவனமும் ஞாபகமும் மந்தமாகும், பால்நோட்டுத் தம்பி கிணற்றடியில் நின்றது அதுதான். அதனால்தான் "குரல் போச்சு, ஆள் வரலை" என்று முக்கால்வாசி வீட்டில் சொல்வார்கள். இது சோம்பேறித்தனம் இல்லை.

ஆனால் எல்லாவற்றையும் நோய் தலையில் போட்டுவிடவும் கூடாது. தம்பியை நன்றாகப் பாருங்கள். நடக்கும்போது கை வீசுகிறானா, இல்லை இரண்டு கையும் பக்கத்தில் தொங்குகிறதா? தம்ளரைப் பிடித்தால் விரல் நடுங்குகிறதா, வாயில் எச்சில் வடிகிறதா? அப்படியென்றால் மாத்திரையின் பக்கவிளைவு, சொன்னால் டாக்டர் மாற்றுவார். காலை ஒன்பது வரை தூங்குகிறான் என்றால் ராத்திரி மாத்திரையை எத்தனை மணிக்குக் கொடுக்கிறீர்கள்? பதினோரு மணிக்குக் கொடுத்தால் அப்படித்தான் இருக்கும், நேரத்தை முன்னால் தள்ளலாமா என்று கேளுங்கள். நீங்களாக எதையும் கூட்டாதீர்கள், குறைக்காதீர்கள். இன்னொன்று, ராத்திரியில் அழுகிறானா, செத்துப்போனால் தேவலை என்கிற மாதிரி ஏதாவது சொல்கிறானா? இந்த நோயோடு மனச்சோர்வும் சேர்ந்து வரும், முதல் சில வருஷங்களில் தற்கொலை ஆபத்து அதிகம், அதற்குத் தனியாக வைத்தியம் வேண்டும். அவசரத்துக்கு 14416, டெலிமனாஸ் என்கிற அரசு மனநல உதவி எண், எந்த நேரமும் தமிழில் பேசலாம். மூன்று நிமிஷ டாக்டர் என்றீர்கள், அந்த மூன்று நிமிஷத்துக்கு இதையெல்லாம் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போய்க் கையில் கொடுங்கள், படித்துவிடுவார்கள். எடையும் சர்க்கரையும் பார்க்கச் சொல்லுங்கள். ஓலான்சபின் போன்ற மாத்திரை என்றால் வயிறு போடும், சர்க்கரை ஏறும். பீடி பிடிப்பானா என்பதையும் சொல்லணும், புகை சில மாத்திரைகளின் வேகத்தைக் குறைத்துவிடும், திடீரென்று பீடியை விட்டால் அதே மாத்திரை அதிகமாகிவிடும்.

அப்பா கத்துவதைப் பற்றி. வீட்டில் குத்தலும் கோபமும், அதே மாதிரி அளவுக்கு மீறிய தாங்கலும், இரண்டும் இருக்கிற வீட்டில் நோய் திரும்ப வருவது அதிகம் என்று ரொம்ப காலமாகப் பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். அப்பா கத்துகிறார், அம்மா பிசைந்து ஊட்டுகிறாள், இரண்டு பேரும் சேர்ந்துதான் அவனை அந்தத் திண்ணையில் உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பழையபடி ஆவானா என்று கேட்பீர்கள். சென்னையில் மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்கிற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்து மருத்துவர்கள், 1981 வாக்கில் முதல் முறையாக நோய் வந்த 90 பேரை எடுத்துக்கொண்டு 25 வருஷம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். நம் ஊர் ஆட்கள், நம் ஊர்க் குடும்பங்கள். ஒரே மாதிரி யாரும் போகவில்லை. வந்து போய் வந்து போய் நடுவில் வேலை பார்த்து, கல்யாணம் செய்து வாழ்ந்தவர்கள் நிறைய. எல்லோரும் கீழே கீழே போய்க்கொண்டே இருப்பார்கள் என்று பழைய புத்தகங்கள் எழுதினது தப்பு என்பது அதில் தெரிந்தது. உலக சுகாதார நிறுவனமும் மூன்றில் ஒருவராவது முழுமையாகக் குணமாவார்கள் என்கிறது. மற்ற இரண்டு பேர் என்ன ஆவார்கள் என்று கேட்டால், பால்நோட்டுத் தம்பியைப் பாருங்கள், குரல் இன்னும் வருகிறது, நோட்டும் எழுதுகிறார்.

வீட்டுக்கே ஆள் போய்ப் பழக்கினால் பலன் உண்டா என்று தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிரா மூன்று இடத்தில் 282 பேரை வைத்துப் பார்த்து 2014இல் வெளியிட்டார்கள். பயிற்சி கொடுத்த சாதாரண ஆட்கள்தான் போனார்கள், டாக்டர் இல்லை. மருத்துவமனை வைத்தியத்தோடு இதுவும் சேர்ந்தபோது, வெறும் வைத்தியத்தைவிடக் கொஞ்சம் மேலாக இருந்தது. கொஞ்சம்தான், பெரிதாக்கிச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கொஞ்சத்தை நீங்களே வீட்டில் செய்யலாம்.

ஒரு விஷயம், இது முக்கியம்: வயலுக்குக் கூட்டிப்போவது நல்லதுதான், ஆனால் உச்சி வெயிலில் நிறுத்தாதீர்கள். இந்த மாத்திரைகள் சிலவற்றுக்கு, முக்கியமாக நடுக்கத்துக்குக் கொடுக்கிற மாத்திரைக்கு, வியர்வை குறையும், உடம்பு சூட்டைத் தாங்காது, மயங்கி விழுந்துவிடுவான். காலை எட்டரைக்குள் வேலை முடியட்டும், தண்ணீர் குடிக்க வையுங்கள்.

ஊனச் சான்றிதழ் வாங்கலாம், வெட்கப்பட வேண்டாம். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் மனநோயும் இருக்கிறது. தன்னைப் பார்த்துக்கொள்வது, மனிதர்களோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை, இந்த நான்கையும் பார்த்து, எத்தனை வருஷமாக நோய் என்பதையும் சேர்த்து மதிப்பெண் போடுவார்கள். 40 சதவீதமோ அதற்கு மேலோ என்றால்தான் சலுகைகள். சான்றிதழ் தருகிற அன்றைக்கு மட்டும் தம்பியைக் குளிப்பாட்டி இஸ்திரி சட்டை போட்டுக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், எல்லா அம்மாக்களும் இதைத்தான் செய்வார்கள், டாக்டர் "நல்லாத்தானே இருக்கான்" என்று எழுதிவிடுவார்.

திருத்துறைப்பூண்டி அப்பா எழுதியது:

அப்பா பக்கம் யாரும் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன். நானும் கத்தினவன்தான். கத்துவது அவனைப் பார்த்து இல்லைங்க, நான் போன பிறகு இவனை யார் பார்ப்பா என்கிற பயம், அது வாய்க்கு வரும்போது எருமை மாடு என்று வருகிறது. அந்த அப்பாவிடம் சத்தம் போடாதீங்க என்று சொல்லாதீர்கள், கேட்க மாட்டார். அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். எனக்கு மாத்திரை எண்ணி வைக்கிற வேலையை மகள்தான் கொடுத்தாள், அதற்கப்புறம்தான் குறைந்தேன். முழுசாக நிறுத்தவில்லை.

வேதாரண்யம் உப்புக்காற்று எழுதியது:

எல்லோரும் பையனைப் பற்றியே பேசுகிறீர்கள். என் பொண்ணுக்கு 34. பொம்பளைப் பிள்ளைக்கு இந்த நோய் வந்தால் ரொம்ப நாளைக்கு யாருக்குமே தெரியாது, ஏனென்றால் வேலைக்குப் போகவில்லை என்று யாரும் கேட்பதில்லை. வீட்டில் அமைதியாக இருக்கிறாள், அடக்கமான பொண்ணு என்று தெருவில் புகழ்ச்சிகூட வரும்.

கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்று ஒரு தரகர் சொன்னதை நம்பி மறைத்துக் கட்டிக்கொடுத்தோம். மாத்திரையைப் புடவைக்கு நடுவில் ஒளித்து அனுப்பினேன். மாமியார் பார்த்துவிடுவாள் என்று போடாமல் விட்டிருக்கிறாள். ஐந்தாவது மாசம் திரும்பி வந்துவிட்டாள், எலும்பும் தோலுமாக. அதை மட்டும் யாரும் செய்துவிடாதீர்கள் அம்மா, தம்பிக்கும் அடுத்து அதைத்தான் சொல்லிக்கொண்டு வருவார்கள்.

அவள் இப்போது முருங்கைக்கீரை உருவுகிறாள். ஒரு கட்டுக்கு இரண்டு மணி நேரம். காம்பு, பழுத்த இலை, பூச்சி எல்லாம் தனித்தனியாக வைப்பாள். முன்னே எனக்குப் பொறுமை இருக்காது, பிடுங்கிப் பத்து நிமிஷத்தில் உருவி உலையில் போட்டுவிடுவேன், அவள் வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பாள். இப்போது கீரையை முதல் நாள் சாயங்காலமே வாங்கிவிடுகிறேன். அவ்வளவுதான் நான் செய்த மாற்றம். போன மாசம் பக்கத்து வீட்டுக் கீரையையும் கேட்டு வாங்கி உருவிக் கொடுத்தாள். அவர்கள் ஒரு கிண்ணம் கருவாட்டுக் குழம்பு கொடுத்தார்கள், அதை அவளே கையில் வாங்கிக்கொண்டு வந்தாள். குழம்பில் உப்பு அதிகம் என்றாள். எத்தனை வருஷமாச்சு அவள் எதையாவது குறை சொல்லி.

வெண்ணாற்றங்கரை அக்கா எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

துண்டுச் சீட்டு கொண்டுபோனோம். கை வீசாமல் நடக்கிறான் என்பதை அங்கேயே நடக்கவிட்டுப் பார்த்தார் டாக்டர். ஒரு மாத்திரையைக் குறைத்தார், ராத்திரி மாத்திரையை எட்டு மணிக்கு மாற்றினார். இப்போது ஏழு மணிக்கு எழுந்துவிடுகிறான். சர்க்கரை கொஞ்சம் கூடத்தான் இருந்தது.

அப்பாவிடம் மாத்திரை டப்பாவைக் கொடுத்தேன். முதல் நாள் வாங்கவே இல்லை. இப்போது எட்டு மணிக்கு அலாரம் வைத்திருக்கிறார். கத்துவது இருக்கிறது, தெரு வரை கேட்பதில்லை.

அம்மாதான் கஷ்டம். சோற்றைத் தட்டில் போட்டுவிட்டு அந்தப் பக்கம் போய் அழுகிறாளாம், அவன் பிசையாமல் உட்கார்ந்திருக்கிறானே என்று. மூன்றாவது நாள் சாப்பிட்டான்.

வயலுக்கு ஒரு வேலை மட்டும் சொன்னோம், காலையில் அப்பா கூடப் போய், தண்ணி உள்ளே வருகிற வாமடையில் நின்று பார்க்கணும், எட்டு மணிக்குத் திரும்பிடலாம். நான்கு நாள் போனான். ஐந்தாவது நாள் போகவில்லை, ஆறாவது நாளும் இல்லை, அப்பா "நான்தான் சொன்னேனே" என்று போனில் என்னிடம் ஆரம்பித்தார். ஏழாவது நாள் போனான். திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போது, யாரும் ஒன்றும் கேட்கவில்லை, "கீழ வரப்புல நண்டு வளை இருக்குப்பா, தண்ணி பக்கத்து வயலுக்கு ஓடுது" என்றானாம். அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்திருக்கிறார். இருந்திருக்கிறது.

பால்நோட்டு அண்ணே, ஒன்று கேட்கணும். குளிப்பது இன்னும் நடக்கவில்லை. "துண்டை எடு" என்றால் எடுக்கிறான், தோளில் போட்டுக்கொண்டு மறுபடி திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறான். அடுத்தது என்ன சொல்லட்டும்?

மன்னை பால்நோட்டு எழுதியது:

ஒன்றும் சொல்லாதே தங்கச்சி. முதலில் மோட்டாரைப் போடு. தண்ணீர் சத்தம் கேட்டால் எனக்குக் கால் தானாகப் போகும். வாமடையில் நிற்கிறவன்தானே, அவனுக்கும் போகும் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் வயலிலிருந்து திரும்பும்போதே, கால் சேறாக இருக்கும்போதே, அப்பாவை அவன் முன்னால் வாய்க்காலில் முங்கச் சொல்லு.